மலையின் எந்தப் பக்கம்

சென்ற மார்கழியில் செங்கம் ரோட்டில் எங்கள் மாடி அறைக்கு ஒரு செக் நாட்டு அம்மா வந்து தங்கினார். எழுபத்தைந்தைத் தாண்டிய வயது. மற்ற வெளிநாட்டவர்களைப் போல ஆசிரமத்துக்காக வரவில்லை. தன் அப்பா போன வழியைத் தேடி வந்திருந்தார்.

அப்பா இரண்டாம் உலகப் போரின்போது நாட்டைவிட்டுத் தப்பி ஆங்கிலேயர் படையோடு சேர்ந்த சிப்பாய். போர் முழுவதும் பாலைவனத்தில்தான் இருந்தார் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அவரும் வாய் திறந்ததில்லை. அவர் இறந்து பல காலம் கழித்து, பழைய கோட்டின் உட்பையில் ஒரு புகைப்படம் கிடைத்தது. ஒல்லியான வாலிபன், நான்குகால் மண்டபம், பின்னால் ஒரு மலை. மறுபுறம் பென்சிலில், எழுத்துப் பிழையோடு, எங்கள் ஊர்ப் பெயர்.

முதல் மூன்று நாளும், படத்தைக் காட்டியதும் ஆட்டோக்காரர்கள் அவரைப் பெரிய கோயிலுக்கே கூட்டிப் போனார்கள். நான்காம் நாள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். அப்பா இங்கே வரவே இல்லையோ என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

படத்தை வாங்கிப் பார்த்தேன். முப்பது வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டவன் நான். கோயில் பக்கமிருந்து பார்த்தால் மலை ஒற்றைக் கூம்பு. இதிலோ உச்சியை ஒட்டி வேறு முகடுகளும் தெரிந்தன. அது மேற்குப் பக்கம்.

மறுநாள் காலை என் ஸ்கூட்டரில் அடி அண்ணாமலைக்குப் போனோம். படத்தையும் மலையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வரப்பில் நடந்தேன். களை எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“இது எங்க கொல்லைக்குப் பின்னால இருக்கிற மண்டபம்தாங்க. இன்னும் அங்கதான் கீது. முள்ளு ஜாஸ்தி, யாரும் போறதில்ல.”

கொடுவாளால் முள்ளை வெட்டிக்கொண்டே முன்னால் போனார். நான்கு கால்களும் நின்றன. ஒரு தூணில் மூக்கு உடைந்த யாளி. படத்திலும் அதே உடைந்த மூக்கு.

அந்த அம்மா, தன் அப்பா நின்ற இடத்தில் போய் நிமிர்ந்து நின்றார். தன் மொழியில் ஏதோ உரக்கக் கத்தினார்.

“இன்னாங்க ஆச்சு?” என்று அந்தப் பெண் பயந்து கேட்டார்.

“இவங்க அப்பா சிப்பாய். சண்டை சமயத்துல இங்கதான் நின்னு போட்டோ எடுத்திருக்காரு.”

“அடேயப்பா! அம்மாந் தூரத்துலேர்ந்து கரெக்டா வந்துட்டாங்களே!” என்று கைதட்டினார்.

வேலையில் இருந்தவரை என் வரைபடத்தை வைத்துச் சண்டை போட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று அந்தச் செக் அம்மா என் இரு கைகளையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். திரும்பும் வழியெல்லாம் பின்சீட்டில் உரத்த குரலில் பாடிக்கொண்டே வந்தார். கிரிவலப் பாதையில் நடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நான் மெதுவாகவே ஓட்டினேன்.