நொண்டி ஆட்டின் வம்சம்

ஞாயிறு மதியங்களில் நானும் என் மனைவியும் திலக் நகர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுகிறோம். ஆளில்லாத மலையில் ஆறு பேரைக் குடியேற்றிப் பிழைக்க வைக்க வேண்டும். அவர்களோடு வந்த ஆடுகள் இரண்டு கிடா, இரண்டு பெட்டை. ஒரு பெட்டை நொண்டி. மனைவிக்கு அதன்மேல் தனிப் பிரியம். பனிக்காலத்தில் பயிர் விளையாது. ஆட்டுப்பால் நின்றால் ஆறு பேரும் பட்டினி.

ஓர் ஆட்டைத் தொட்டால் அதன் தாய், தகப்பன் மட்டும் திரையில் தெரியும். அதற்கு மேல் தெரியாது. பத்திரிகையில் பிழை திருத்தியே பழகியவன் நான். பெரிய தாளில் கிடாவுக்குக் கட்டமும் பெட்டைக்கு வட்டமும் போட்டுக் குறித்து வந்தேன்.

ஜோடி சேர்ப்பது மனைவி. தாராவியில் பிறந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். கல்யாண வீட்டில் யாருக்கு யார் என்ன முறை என்று அவளைத்தான் கேட்பார்கள். முதல் நான்கையும் இரண்டு ஜோடியாக்கி, அந்த இரண்டு குடும்பத்துக் குட்டிகளுக்கும் இடையில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தாள். அடுத்த தலைமுறையில் அண்ணன் மகனுக்குத் தங்கை மகளைச் சேர்த்தாள்.

"அத்தை மவ. உரிமைக்காரி. இதுல என்ன தப்பு?"

எனக்கும் தப்பாகப் படவில்லை. என் பெற்றோரே அப்படிக் கட்டிக்கொண்டவர்கள். ஆனால் பிறந்த குட்டிகள் எழுந்து நிற்கவில்லை. நெருங்கிய இரத்தம் என்றது திரை. தாளில் விரல் வைத்துப் பார்த்தேன். எல்லாக் கோடும் அதே நான்கு ஆட்டில் போய் முடிந்தது.

பனிக்கு முன் வந்த வியாபாரிகளிடம் ஒரு கிடா இருந்தது. பதிலுக்கு ஓர் இளம் பெட்டை கேட்டார்கள். நொண்டி அதற்குள் செத்திருந்தது.

"நொண்டி வம்சத்தக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

தாளை அவள் பக்கம் திருப்பினேன். பேரன் பேத்தி ஒவ்வொன்றுக்கும் நொண்டியிடமிருந்து கோடு வந்தது. எதைக் கொடுத்தாலும் வம்சம் பட்டியில் இருக்கும். அவள் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

புதுக் கிடாவின் முதல் குட்டி பிறந்ததும் எழுந்து நின்றது. பனி முடியும்வரை பால் நிற்கவில்லை. ஆறு பேரும் இருக்கிறார்கள்.

தாள் இப்போது நான்கு தாளாகி ஹால் சுவரில் இருக்கிறது. போன வாரம் வந்த மைத்துனன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது யாரு குடும்பம், அத்தான்?"

"நம்ம நொண்டிக் குடும்பம்" என்றாள் மனைவி.

"எனக்கு இப்படி ஒண்ணு எழுதுனியாக்கா?"

"நீ என்ன ஆட்டப்போல பாலா தார?"

கேலிதான். ஆனாலும் அவனை உட்காரவிடாமல், முதல் வட்டத்திலிருந்து கடைசிக் குட்டிவரை ஒன்று விடாமல் முறை சொல்லி முடித்தாள். ஓரிடத்திலும் அவள் தாளைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.