ஒரு தரம்தான் கேட்பார்கள்

மச்சாளை நினைத்தால் முதலில் என் கண்ணுக்குள் வருவது, வால்தம்ஸ்டோவில் எங்கள் சமையலறை மேசையில் ஆடை படிந்து ஆறிப்போயிருந்த ஒரு கோப்பைத் தேநீர். நீலக் கரை போட்ட கோப்பை. ஊற்றி வைத்தது நான். குடிக்க ஆசைப்பட்டது அவர். ஆனாலும் அது சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆறிக்கொண்டே இருந்தது. அந்தக் கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்ததைப் பார்த்தவர்கள், இவர்களுக்கு வேறு வேலையில்லையா என்று நினைத்திருப்பார்கள். வேலைக்காகத்தான் அந்தச் சண்டையே.

மச்சாள் என் கணவரின் அக்கா. யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் உயர்வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவர். எண்பதுகளின் நடுவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு எங்களிடம் வந்து சேர்ந்தார். இங்கே அவருக்குக் கிடைத்தது, சலவைத் தொழிற்சாலையில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. அவர் மடித்தால் நான்கு மூலையும் பிசகாமல் பொருந்தும் என்று சூப்பர்வைசர் புகழ்ந்தாளாம். அதைச் சொல்லி அவர் சிரித்தபோது எனக்கு அழுகை வந்தது. மாலை வகுப்புக்குப் போய் இங்கத்தைய ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழையும் எடுத்திருந்தார். இரண்டு கல்லூரிகள் நேர்முகத்துக்கு அழைத்தன. இரண்டும் வேண்டாமென்று அனுப்பிவிட்டன. மூன்றாவதாக அழைத்தது, பகலில் வேலை செய்கிறவர்கள் பின்னேரத்தில் வந்து கணக்கும் ஆங்கிலமும் படிக்கிற கல்லூரி, எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்.

"இதுவும் சரிவரேல்லை எண்டால் இனி நான் ஒரு இடமும் கேக்கமாட்டன், பிள்ளை. வெண்கட்டி, கரும்பலகை எல்லாத்தையும் மறந்திட்டு விரிப்பையே மடிக்கிறன்" என்றார். சொன்னால் சொன்னதுதான் என்கிற ஆள்.

நான் கவுன்சில் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நேர்முகங்கள் எப்படி நடக்கும் என்று ஓரளவு தெரியும். ஆகவே நான்தான் கேள்வி கேட்கிற துரைசாணி. மச்சாளின் ஆங்கிலம் நிதானமானது, பிழையில்லாதது. கணக்கென்றால் பயப்படுகிற வளர்ந்த ஆளுக்குப் பின்னத்தை எப்படிப் படிப்பிப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு ரொட்டியை மூன்று பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுக்கிற தாய்க்குப் பின்னம் ஏற்கெனவே தெரியும், அங்கிருந்து தொடங்குவேன் என்றார். இப்படிப் பதில் சொல்லுகிறவரை ஏன் தள்ளினார்கள்? எனக்கு விளங்கவேயில்லை.

"கடைசியா என்ன கேட்டவை, மச்சாள்?"

"வேலையைத் தந்தால் எடுப்பீங்களோ எண்டு."

"என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது? என்னைவிட நல்ல ஆக்கள் இருந்தால் அவைக்குக் குடுங்கோ எண்டன். திருப்பிக் கேப்பினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

இரண்டு இடத்திலும் இதே பதிலாம். நான் தலையில் கை வைத்தேன். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டதும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இப்பதான் குடிச்சனாங்கள் என்பார்கள். வீட்டுக்காரி விடமாட்டாள். இன்னொரு தரம் மறுத்து, மூன்றாம் தரம் மனமில்லாததுபோல வாங்கிக்கொள்வார்கள். முதல் தரமே ஓம் சொல்லுகிறவள் பறக்காவெட்டி, கண்டதுக்கும் அலைகிறவள். மச்சாள் வேலையையும் தேத்தண்ணியாக நினைத்துவிட்டார். வெள்ளைக்காரன் ஒரு தரம்தான் கேட்பான், வேண்டாமென்றால் நம்பிவிடுவான்.

அன்றிலிருந்துதான் கோப்பைப் பயிற்சி. தேநீரை ஊற்றி என் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தரம் கேட்பேன். "வேண்டாம் பிள்ளை, நீ குடி" என்பார். நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆவி அடங்கும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பியின்ரை வீட்டுக்கை இருந்துகொண்டு பிச்சை எடுக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். எனக்கும் பொறுமை போய்விட்டது. "அப்ப போய் விரிப்பை மடியுங்கோ" என்றேன். எழுந்து மேலே போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். அடுத்த சனிக்கிழமை தானாகவே வந்து உட்கார்ந்து, "கேள்" என்றார். கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு "ஓம்" என்றார். அதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது.

நேர்முக நாளன்று லீவு போட்டுக்கொண்டு நானும் போனேன். மச்சாளுக்குச் சாம்பல் நிறச் சேலை, அதற்கு மேலே என்னுடைய கம்பளிக் கோட். கல்லூரி நடையில் போட்டிருந்த நாற்காலிகளில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். முடிவை அன்றைக்கே சொல்லுவார்களாம். காரியதரிசிப் பெண் தட்டோடு வந்து மச்சாளிடம், தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம், நன்றி என்றார் மச்சாள். அவள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அத்தனை சனிக்கிழமையும் வீண். அவருக்கும் தெரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் கதவு திறந்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கேட்டவையோ?"

"கேட்டவை. அந்த மனுசன் கேட்டு முடிக்க முந்தியே ஓம் எண்டிட்டன். தமிழிலை."

"பிறகு?"

"பிறகு இங்கிலீசிலையும் சொன்னன். சரியான பறக்காவெட்டி எண்டு நினைச்சிருப்பினம்."

கடைசி ஆளும் உள்ளே போய்த் திரும்பினார். கோட்டின் பொத்தானை மச்சாள் திருகிக்கொண்டே இருந்தார். கதவு மறுபடி திறந்து மச்சாளை மட்டும் அழைத்தபோது, தன்னையா என்று என்னிடம் கேட்டார். நான்தான் பிடித்து எழுப்பிவிட்டேன்.

ஓய்வு பெறும்வரை அங்கேதான் படிப்பித்தார். இப்போது முதியோர் இல்லமொன்றில் இருக்கிறார். ஆங்கிலம் மெல்ல மெல்ல அவரை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் நான் பக்கத்தில் இருந்தபோது தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை வந்தது. வேண்டுமா என்று கேட்டது. மச்சாள் புன்னகையோடு தலையை ஆட்டி மறுத்தார். அவருக்குத் தேநீர் பிடிக்காதுதானே, ஒரு நாளும் குடிப்பதில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளியது. எத்தனை மாதமாக இப்படிக் குடிக்காமல் இருந்தாரோ. அந்தப் பிள்ளையை நிறுத்தி, ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ, மச்சாள்?"

"வேண்டாம் பிள்ளை, நீ குடி."

"கொஞ்சம் குடியுங்கோவன்."

"இப்பதான் குடிச்சனான்."

"எனக்காக ஒரு வாய்."

"சரி, இவ்வளவு கேக்கிறாய், தா" என்று இரண்டு கையாலும் வாங்கினார். ஆறுவதற்கு முன்னமே குடித்து முடித்துவிட்டார்.