முப்பத்தாறு பார் சும்மா இருத்தல்

பொதுமகன் ஒருவரிடமிருந்து கடிதம் கிடைத்தால், கிடைத்ததை உடனே அறிவிக்க வேண்டும். முடிவெடுக்கத் தாமதமாகுமானால் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். கல்முனையில் ஓர் அரச அலுவலகத்தில் இருந்து, ஓய்வுபெறும் நாள்வரை மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆகவே என் கடிதத்துக்கு எட்டு மாதமாகப் பதில் வராதபோது நான் கோபப்படவில்லை. அந்தத் தாமதம் எந்தெந்த மேசையில் எப்படித் தயாராகும் என்பது எனக்கு மனப்பாடம்.

நான் கேட்டது ஒரு நாற்காலி. சம்மாந்துறைப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்தில் சனிக்கிழமைகளில் கூடும் ஓர்கெஸ்ட்ராவில், இரண்டாவது ட்ரம்பெட்காரரின் நாற்காலி.

பாடசாலை பேண்டில் பழகிய ட்ரம்பெட்டை நாற்பது வருடம் தனியாகவே ஊதியிருக்கிறேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் கடைசித் தோணியையும் தாண்டிப் போய் நிற்பேன். கடலுக்கு முன்னால் ஊதுகிறவன் எப்போதும் சரியாகவே ஊதுகிறான். காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போகும். அதனால் இன்னும் பலமாக ஊதுவேன். பலமாக ஊத ஊதச் சுருதி மேலே ஏறும். ஏறிவிட்டது என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை. கரைவலை இழுப்பவர்கள்தான் அபிப்பிராயம் சொல்வார்கள்.

“சேர், கொஞ்சம் அங்கால திரும்பி ஊதுங்க. கீரி மீனெல்லாம் கிறுகிப் பாணமைக்குப் போகுது.”

ஓர்கெஸ்ட்ராவை நடத்துபவர் வீரமுனையிலிருந்து வரும் ஒரு சங்கீத டீச்சர். முதலாவது ட்ரம்பெட், அக்கரைப்பற்றில் கராஜ் வைத்திருப்பவர்; என்னைவிட இருபது வயது இளையவர், கைரேகைக்குள் கிரீஸ் கறுத்திருக்கும். முதல் சனிக்கிழமை நான் கடற்கரையை மனதில் வைத்து ஊதினேன். டீச்சர் கோலைத் தாழ்த்தினார்.

“சேர், முன்னால வயலின்காரப் புள்ளையள் இரிக்கிறாங்க. அவங்கட தலமுடியெல்லாம் பறக்குது.”

கராஜ்காரர், அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்று கூப்பிட்டு, என் பக்கம் சாய்ந்தார். “காக்கா, எனக்கு மேலால ஊதாதீங்க. எண்ட சத்தத்துக்குள்ள வந்து இரிங்க.”

அது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத கட்டளை. மூச்சைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். இரண்டு சத்தங்களுக்கும் இடையில் நடுங்கிக்கொண்டிருந்த ஏதோவொன்று மெல்ல மெல்ல அடங்கி, திடீரென்று இல்லாமற் போனது. ஒரே சத்தம், ஆனால் அகலமானது. அதில் எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. நாற்பது வருடத்தில் அன்றுதான் முதல்தடவையாகச் சுருதி சேர்ந்து ஊதினேன்.

நான் ஒழுங்கானவன் என்பதால் அடுத்த வாரமே குழுவின் யாப்பு விதிகளை வாங்கி வாசித்தேன். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் மேடையேறுவதானால் பொறுப்பான அலுவலகத்தின் விசேட அனுமதி வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. அதை டீச்சரிடம் காட்டினேன்.

“இத நீங்க வாசிக்காம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிரிக்காது சேர்,” என்றார்.

அன்றே விண்ணப்பம் அனுப்பினேன், மூன்று பிரதிகளில். பதில் வரும்வரை ஒத்திகைக்கு வரலாம், மேடை கிடையாது.

ஓர்கெஸ்ட்ராவில் ட்ரம்பெட்காரரின் பிரதான வேலை சும்மா இருப்பது. நாலு தட்டு ஒரு பார். எங்கள் இசைத்துண்டில் ஓரிடத்தில் முப்பத்தாறு பார் எங்களுக்கு ஒன்றுமில்லை. மண்டபத்தின் கதவுகள் வயலைப் பார்த்துத் திறந்திருக்கும். குடலைப் பருவத்து நெற்பயிரின் பச்சை மணம் காற்றோடு உள்ளே வரும். செலோக்கள் அந்தக் காற்றுக்கு அடியில் எங்கேயோ நகரும். மதிய வெயில் தரையில் மெதுவாக இடம் மாறும். அந்த மண்டபமே வாய்க்கால் தண்ணீரில் மிதந்து போவதுபோல இருக்கும். வேலை நேரத்தில் நான் சும்மா இருந்தேன் என்று சொன்னால், என்னோடு வேலை செய்தவர்கள் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பார்கள்.

பார்களை விரற்கணுவில் எண்ணினேன், தொழுகைக்குப் பின் தஸ்பீஹ் எண்ணுவதைப்போல. முப்பத்துமூன்றில் விரல் தானாக நின்றது, கை ட்ரம்பெட்டைத் தூக்கியது, நான் ஊதினேன். மூன்று பார் முந்தி, தன்னந்தனியாக. வயலுக்குள் நின்ற கொக்குகள்கூட எழும்பின.

கராஜ்காரர் குனிந்து சிரித்தார். “டீச்சர், காக்காவப் பேசாதீங்க. நாங்க தொழுதிட்டு முப்பத்திமூணு எண்ணுற. அவர்ர விரலுக்கு அதுக்கு மேல கணக்குத் தெரியா. எனக்கும் முதல் வருசம் இதான் நடந்த.”

டீச்சர் சிரிக்கவில்லை. “அப்ப எண்ணாதீங்க சேர். கேளுங்க. செலோ கீழ இறங்கும், மறுகா கிளாரினெட்காரி மூச்செடுப்பா. அவ எடுக்கக்குள்ள நீங்களும் எடுங்க.”

இன்னொருத்தியின் மூச்சைக் கேட்பதற்கு எனக்கு மூன்று மாதம் எடுத்தது. காத்திருக்கையில் குழல் குளிர்ந்து சுருதி இறங்கிவிடும் என்பதும், சத்தம் வராமல் அதற்குள் சூடான மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கடற்கரையில் நான் ஒருநாளும் காத்திருந்ததில்லை. வீட்டில் பழகும்போது மனைவி அறைக் கதவைத் திறந்து பார்த்தாள்.

“என்ன, ஊதுற சத்தமே கேக்கல்ல. சுகமில்லையா?”

கச்சேரிக்கு ஒரு வாரம் இருந்தது. பதில் இல்லை.

“மறுப்பும் வரல்லதானே சேர்?” என்றார் டீச்சர்.

“பதில் வராதது அனுமதி ஆகாது டீச்சர்.” எத்தனையோ பேருக்கு இதே குரலில் சொன்னது.

“அப்ப ரெண்டாவத ஆரு ஊதுற?” என்றார் கராஜ்காரர். “எனக்கென்ன ரெண்டு வாயா இரிக்கி?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். நான் போகப்போவதில்லை என்றும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க எத்தின பேர்ர கடிதத்த இப்பிடி வெச்சிருந்தீங்க?”

அதற்கு என்னிடம் முறையான விளக்கம் இருந்தது. அதை விட்டுவிட்டுக் கச்சேரிக்கான வெள்ளைச் சேட்டை எடுத்து நானே அயர்ன் பண்ணினேன்.

கச்சேரி ஒரு ஞாயிறு பின்னேரம். மேடையில் ஒளி மஞ்சளாக, தூசி மிதந்தபடி இருந்தது. முப்பத்தாறு பார் வந்தது. கை மடியில் கிடந்தது. அனுமதியில்லாமல் இருக்கிறேன் என்ற நினைப்பு முதலில் இருந்தது, பிறகு அதுவும் செலோவோடு கீழே இறங்கிப் போனது. கிளாரினெட்காரி மூச்செடுத்தாள். நாங்கள் எல்லோரும் ஒரே நெஞ்சால் மூச்செடுத்ததுபோல இருந்தது. கராஜ்காரரின் சத்தத்துக்குள் நான் கதவு தட்டாமல் நுழைந்தேன்.

“உங்கட சத்தம் எதெண்டு எனக்கு விளங்கவே இல்ல,” என்றாள் மனைவி, திரும்பி வரும் ஆட்டோவில். அதைவிட நல்ல அறிக்கை எனக்கு எந்த மேலதிகாரியும் எழுதியதில்லை.

மேற்படி கச்சேரியில் பங்குபற்ற எனக்கு விசேட அனுமதி வழங்கப்படுவதாகவும், இனிமேல் இவ்வாறான விண்ணப்பங்களைப் போதிய கால அவகாசத்துடன் அனுப்புமாறும் அறிவிக்கும் பதில், கச்சேரி முடிந்து பதினைந்து நாளின் பின், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய திங்கட்கிழமை, பதிவுத் தபாலில் வந்தது.