அனஸ்தாசியா மூடச் சொன்ன கரை

நூர்தீன் சத்தம் போடவில்லை. அதுதான் அனஸ்தாசியாவுக்கு உறைத்தது. புத்தளத்தில் இருக்கும் தன் கருவாட்டுக் கடைக்குள் அவளைக் கூப்பிட்டு, அவள் கொடுத்த நெத்தலிச் சாக்கிலிருந்து எடுத்த கண்ணாடித் துண்டொன்றை மேசையில் வைத்தார். நகமளவு, பச்சை. பியர்ப் போத்தல்.

"இது ஒரு புள்ளைட தொண்டையில போயிருந்தா?"

"நூர்தீன் நானா, நான் வேணுமெண்டா போட்டன்?"

"இல்லதான். ஆனா இன்னொருக்கா இப்பிடி வந்தா உங்கட சாக்க எனக்கு எடுக்கேலாது."

அவர் எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். புருஷன் இடுப்பு அடிபட்டு வீட்டோடு கிடக்கிறான். அந்த வீட்டில் அடுப்பு எரிவது நெத்தலியால்தான்.

குறிஞ்சிப்பிட்டிக் கரை மணலில் பழைய வலையை விரித்து அதன் மேல்தான் அவள் நெத்தலி காயவைப்பாள். உள்நாட்டுச் சண்டை முடிந்து நேவி கரையைத் திறந்தபின், பொழுதுபட்டால் அங்கே குடிக்கூட்டம். பாதி ஊர்ப் பெடியன்கள், பாதி வெளியூரிலிருந்து வான் பிடித்து வருகிறவர்கள். குடித்து முடிந்தால் போத்தலைக் கல்லில் அடித்து உடைப்பது ஒரு விளையாட்டு. ஏசினால், "அக்கா, பைட்டுக்கு, தொட்டுக் கடிக்க ரெண்டு நெத்தலி தாங்களேன்" என்று சிரிப்பு.

பொலிஸில் சொன்னாள். கரை பிரதேச சபையின் பொறுப்பு என்றார்கள். சபையில் சொன்னாள். குடிகாரனைப் பிடிப்பது பொலிஸின் வேலை என்றார்கள். அதிகாரம் இரண்டு இடத்திலும் இருந்தது, ஆள் ஒரு இடத்திலும் இல்லை.

கடைசியில் மஸாஹிரைப் பிடித்தாள். புதிதாகச் சபைக்குத் தெரிவான மெம்பர், வெங்காயத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. கேட்கிற காது இருந்தது.

"என்ன செய்யோணும் எண்டு நீங்களே சொல்லுங்க அக்கா. சபையில நான் பிரேரணை கொண்டுவாறன்."

"பொழுதுபட்டா கரைய மூடுங்க. விடியுமட்டும் ஒருத்தரும் நிக்கப்படாது."

சண்டைக்காலத்தில் நேவி செய்ததும் இதைத்தான். இரவில் கரைக்குப் போக ஏலாது, பகலில் போகவும் நேவியின் பாஸ் வேண்டும். அந்தப் பாஸுக்கு வெயிலில் நின்று எல்லோரையும்விட அதிகம் சபித்தவள் அனஸ்தாசியா. அதே பூட்டை இப்போது அவளே கேட்டாள், கேட்கிறோம் என்று தெரியாமலே. கரையில் வேலை செய்கிறவர்கள் தங்களைக் 'கரையில் நிற்கிற ஆக்களாக' நினைப்பதில்லை. சொந்தக் குசினிக்குள் நிற்பவளை யாராவது ஏன் நிற்கிறாய் என்று கேட்பார்களா? மஸாஹிருக்கும் தட்டுப்படவில்லை. வள்ளம் கரை சேரும் நேரத்தில் அவர் கரைக்கு வந்ததே கிடையாது.

பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. இரவில் கரையில் நிற்கத் தடை என்று போர்ட் நட்டார்கள்.

பிறகு ஒருநாள், கிழக்கு வெளுக்கமுன் சபை உத்தியோகத்தர் ஒருவர் பொலிஸ் ஜீப்போடு வந்தார். ஜீப் சத்தம் கேட்டதும் விடிய விடியக் குடித்தவர்கள் சவுக்கு மரங்களுக்குள் மறைந்துவிட்டார்கள். அப்போதுதான் வள்ளம் வந்திருந்தது. பெண்கள் வலையை மடியில் போட்டு மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மீனை விட்டுவிட்டு ஓட ஏலாது. அவர்களுடைய பெயர்களைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். முதல் பெயர் அனஸ்தாசியா.

சபைக்கு வரச்சொன்னார்கள். போனாள். மஸாஹிர் கதிரையிலிருந்து எழும்பி நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே அக்கா."

"அப்ப ஏன் மெம்பர் எங்கள மட்டும் புடிச்ச?"

"நீங்க ஓடல்லையே."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது. பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். அனஸ்தாசியா சிரித்தேவிட்டாள். சிரித்து முடிய, வேறு குரலில் சொன்னாள்:

"பிழை என்ட பக்கம்தான். நேவிக்காரன் கொண்டுபோன பாஸ நானே திருப்பிக் கொண்டுவந்திட்டன். அந்தப் போர்டக் கழட்டுங்க."

"குடிக்கிறவனுகள்?"

"நாங்க வலை விரிக்கிற இடத்தில ஒரு லைட் போடுங்க. ரோட்டுல இல்ல, மணலுல. குப்ப டிரக்டரும் கரைக்கு வரட்டும்."

"இவ்வளவுதானா? இது சபைட வழமையான வேலதானே. இதுக்குப் பிரேரணையும் வேணாம், பொலிஸும் வேணாம்."

"அதான் கேக்கிறன்."

போர்டைக் கழற்ற எடுத்த நாட்களைவிட, லைட் போட எடுத்த நாட்கள் அதிகம். அவள் விடவில்லை, போய்ப் போய் நின்றாள். எழுதிய பெயர்களைப் பற்றி யாரும் பிறகு கதைக்கவில்லை. லைட் எரியத் தொடங்கியதும் கூட்டம் கலைந்தது. வெளிச்சத்தில் ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியக் குடிப்பது அவர்களுக்குச் சரிவரவில்லை.

ஆனால் குடி நிற்கவில்லை, இடம்தான் மாறியது. ஒருநாள் கரையை அடுத்த தோட்டக்காரி ஸுலைஹா வந்தாள். அவளுடைய வெங்காயத் தோட்டத்து வேலியோரம் இப்போது போத்தல் குவிகிறதாம்.

"எனக்கும் அந்த போர்ட்டு ஒண்டு எடுத்துத் தாங்க அனஸ்தா. வேலிப் பக்கம் ஒருத்தரும் வரப்படாது எண்டு."

"விடிய வெங்காயத்துக்குத் தண்ணி மாற ஆரு போற?"

"நான்தான்."

"ஜீப் வந்தா ஓடுவீங்களா?"

ஸுலைஹா தன் வீங்கிய முழங்காலைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றாகவே, லைட் கேட்டு மஸாஹிரிடம் போனார்கள்.

அந்தக் கிழமை நூர்தீன் புதுச் சாக்கை அவள் கண்முன்னாலேயே தரையில் விரித்த படங்கில் கொட்டி, விரலால் கிளறிப் பார்த்தார். அவளும் குந்தி மறுபக்கம் கிளறினாள். ஒரு கண்ணாடித் துண்டும் அகப்படவில்லை. கடைசியில் அவர் கையைத் தட்டிவிட்டு, தராசை இழுத்தார்.