தாலரில் ஒட்டிய திருநீறு

எண்பதுகளின் நடுவில் லண்டனில் ஒரு பழைய நாணயக் கடையில் வேலை பார்த்தேன். லத்தீன் படித்தவன் என்பதால், ஜெர்மன் சிற்றரசுகள் வெளியிட்ட தாலர் என்னும் பழைய வெள்ளி நாணயங்களின் எழுத்துகளைப் படித்து அட்டை எழுதுவேன். பெட்டகப் பூட்டுக்கான திறப்பு முதலாளியிடமும் என்னிடமும் மட்டுமே இருந்தது. கடையைத் துப்புரவு செய்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். அந்த வேலையை அவருக்கு எடுத்துக் கொடுத்தது நான்தான். அது நிலைத்தால் கொழும்பில் நின்ற மனைவியைக் கூப்பிடலாம் என்று காத்திருந்தார்.

அவர் நெற்றி நிறையத் திருநீறோடு வருவார். நான் கடைவாசலில் கைக்குட்டையால் துடைத்துவிடுவேன்.

"என்ன அண்ணை, சிவபெருமானை வாசலிலையே இறக்கிவிட்டிட்டு வாறியளோ?" என்பார்.

ஒருநாள் முதலாளி, பிரன்ஸ்விக் தாலரைப் பார்க்க மறுநாள் ஒருவர் வருகிறார், எடுத்து வை என்றார். வேரோடு பிடுங்கிய மரத்தைப் பிடித்தபடி ஒரு காட்டு மனிதன் நிற்கும் நாணயம். முந்நூறு வருடக் கருமை ஏறியிருந்தது. விருந்தினர் வருமுன் வெள்ளிச் சாமான்களைத் திருநீறு போட்டுத் துலக்குவது எங்கள் வீட்டு வழக்கம். சட்டைப்பையில் கோயில் பொட்டலம் இருந்தது. ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தேன். காட்டு மனிதன் பளபளத்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் காலை அதைக் கையில் எடுத்ததும் முதலாளியின் முகம் இறுகியது. மதிப்பே அந்தக் கருமைக்குத்தான், துலக்கிய நாணயத்தை இனி எவரும் வாங்கமாட்டார்கள் என்றார். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாகச் சாம்பல் நின்றது. பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்தவர், நிமிர்ந்து, கடையைக் கூட்டிக்கொண்டிருந்தவரின் நெற்றியைப் பார்த்தார்.

அவருக்கு ஆங்கிலம் போதாது. தொட்டாரா என்று கேட்கும்படி முதலாளி என்னிடம் சொன்னார். கேட்டேன்.

"நான் எப்பிடித் தொடுறது அண்ணை? திறப்பு என்னட்டை இல்லையெண்டு சொல்லுங்கோ. உங்களுக்குத் தெரியும்தானே."

திறப்பைப் பற்றிச் சொன்னால் முதலாளியின் கண் என் பக்கம் திரும்பும். "நேற்று நான் பெட்டகத்தைப் பூட்ட மறந்துவிட்டேன். இவர் தெரியாமல் துலக்கிவிட்டாராம். மன்னிப்புக் கேட்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

முதலாளி போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். கோட்டுக்குள் கை நுழையச் சற்று நேரம் பிடித்தது.

"உண்மையைச் சொன்னாலும் நம்புறான் இல்லை, என்ன," என்றார். "நீங்கள் எனக்காகக் கதைச்சியள். அதுவே எனக்குக் காணும் அண்ணை."

ஓம் என்று தலையாட்டினேன்.

தொண்ணூறுகளிலும் அந்தக் கடையில்தான் இருந்தேன். அவருடைய மனைவி வந்து சேர்ந்தாரா என்று எவரிடமும் நான் விசாரித்ததில்லை.