தேர்ட் ஷிப்ட்காரரின் மெத்தை

பேத்திக்கு வீட்டுப்பாடம். 'தேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து வெவ்வேறு கருத்து வருகிற மாதிரி வசனங்கள் எழுதவேண்டுமாம். ரொறன்ரோவுக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லில் மகன் வீட்டுக் குசினி மேசையில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தவள், "அப்பப்பா, யூ டூ வன். உங்களுக்குத் தெரிஞ்ச தேர்ட் ஒண்டு சொல்லுங்கோ" என்றாள்.

ஓட்டப்போட்டியில் மூன்றாவதாக வந்ததையும், கேக்கில் மூன்றில் ஒரு பங்கையும் அவள் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தாள். மருமகள் கார் இன்சூரன்ஸில் வருகிற 'தேர்ட் பார்ட்டி'யைச் சொன்னாள். நான் என் பங்குக்கு மாடிக் கதையை எடுத்துவிட்டேன். வந்த புதிதில் ஒரு வேலைக்காக என்னைத் தேர்ட் ஃப்ளோருக்கு வரச்சொன்னார்கள். இந்த நாட்டில் நிலத்தோடு இருப்பதையே முதலாம் மாடி என்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஊர்க் கணக்கில் எண்ணிக்கொண்டு ஒரு மாடி கூடுதலாக ஏறிப்போய், ஒரு பல் வைத்தியரின் வாசலில் நெடுநேரம் மரியாதையாகக் குந்தியிருந்தேன். வாயைத் திறக்கச் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து மருமகள் ரோஸ்ரரில் பாண் வாட்டினாள். வாட்டிய பாணின் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குத் தெரிந்த உண்மையான 'தேர்ட்' வாய் வரை வந்துவிட்டது. வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அதைச் சின்னப்பிள்ளைக்குச் சொல்ல ஏலாது. உங்களுக்குச் சொல்லலாம்.

கனடாவுக்கு வந்த புதிதில், ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ற். ஆறு பேர் இருந்தோம், மெத்தை மட்டும் ஆறு இல்லை. ஆகவே மெத்தைகளுக்கும் ஷிப்ட் இருந்தது. நான் பிளாஸ்ரிக் வாளி செய்கிற ஃபாக்ரரியில் ஃபர்ஸ்ட் ஷிப்ட். அதாவது பகல் வேலை, இரவு மெத்தை. என் மெத்தையின் மற்றச் சொந்தக்காரர் குலம் அண்ணை. பாண் பேக்கரியில் தேர்ட் ஷிப்ட், இரவு முழுக்க வேலை, பகலில் நித்திரை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு, மெலிந்த மனிதர், அதிகம் கதைக்கமாட்டார். ஒரே மெத்தையில் படுத்த இரண்டு பேர் முகம் பார்த்துக் கதைப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் என்றால் நம்புவீர்களா?

வீட்டுச் சொந்தக்காரரான மேல்வீட்டு அங்கிள் ஹீற்றரைக் கூட்டவே மாட்டார். மனுசன் அப்படியொரு கசவாரம்! குளிர்காலத்தில் அந்த நிலக்கீழ் அறையில் விறைத்துப்போவோம். அதனால் குலம் அண்ணை ஒரு வழக்கம் வைத்திருந்தார். எழும்புகிறவன் போர்வையை உதறிவிட்டுப் போகக்கூடாது. தலைமாடு வரை இழுத்து, ஓரங்களைச் செருகி, உள்ளே இருக்கிற உடம்புச் சூடு போகாமல் மூடி வைக்கவேண்டும், வருகிறவனுக்காக. விடிய நான் பஸ் ஏற நிற்கும்போது எதிர்ப்பக்க பஸ்ஸிலிருந்து அவர் இறங்குவார். உடுப்பெல்லாம் பாண் வாசம். வீதிக்கு இந்தப் பக்கம் வந்து, பேப்பரில் சுற்றிய சூடான பணிஸ் ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"மூடிப்போட்டு வந்தனியே?"

"ஓம் அண்ணை."

மாலையில் நான் களைத்து விழுந்து வரும்போது அவர் எழும்பிப் போயிருப்பார். போர்வைக்குள் நுழைந்தால் கதகதவென்று இருக்கும். அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் என்னை அணைத்துக்கொண்டது அந்தச் சூடு ஒன்றுதான்.

பேக்கரியில் அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் கிடைத்தது. எல்லாரும் நாயாய்ப் பேயாய் அலைகிற ஷிப்ட். மனுசன் வேண்டாமென்று இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். "உவருக்கு விசர்" என்று பேஸ்மென்றே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிறு, பருப்புக்கு வெங்காயம் வெட்டியபடி, ஏன் வேண்டாமென்றீர்கள் என்று கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஊரிலை நானும் என்ரை தம்பியும் ஒரு பாயிலைதான் படுக்கிறனாங்கள். அண்டைக்கு நான் செத்த நித்திரை. விடியக் கையாலை தடவிப் பாக்கிறன், அவன்ரை பக்கம் சில்லெண்டு கிடக்கு. வாசல் கதவு ஆவெண்டு திறந்து கிடக்கு. இரவு ஜீப் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு அவனை ஏத்திக்கொண்டு போனதெண்டு பக்கத்து வீட்டுச் சனம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்திலை படுத்த எனக்குக் கேக்கேல்லை. அண்டையிலை இருந்து இருட்டிலை கண் மூட ஏலாது, தம்பி."

வெங்காயத்தைச் சாட்டி இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

அடுத்த குளிர்காலத்தில் பேக்கரிக்காரர் தேர்ட் ஷிப்டையே நிறுத்திவிட்டார்கள். குலம் அண்ணையைப் பகலுக்கு மாற்றினார்கள். இனி இரவில் நித்திரை கொண்டுதான் ஆகவேண்டும். முதல் நாள் விடியக் கண் விழித்துப் பார்க்கிறேன், மெத்தையில் அவருடைய பாதி கசங்கவே இல்லை. அவர் படிக்கட்டின் அடிப்படியில், ஜாக்கெற்றும் சப்பாத்தும் போட்டபடி, கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணை, இது கனடா. இஞ்சை ஆர் வரப்போறாங்கள்?"

"அங்கையும் உப்பிடித்தான் நினைச்சனாங்கள். நீ படு. நான் முழிச்சிருக்கிறன்."

ஒவ்வொரு விடியலும் இதுதான். அவருக்குக் கன்னம் ஒட்டிப்போனது. வேலையில் நின்றபடி தூங்கி, சூட்டுத் தட்டில் கையை வைத்துப் பொசுக்கிக்கொண்டு வந்தார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். என் ஆயுளில் நான் பயமில்லாமல் நித்திரை கொண்டது அந்த நாட்களில்தான். கதவடியில் எனக்காக ஒருவர் விழித்திருந்தார்.

பிறகு அவருக்கு மொன்றியலில் எங்கோ ஓர் இரவு வேலை அகப்பட்டது. போகிற அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பகலில் ஆசைதீர நித்திரை கொண்டாராம். நான் வருவதற்குச் சற்றுமுன்தான் பையோடு வெளிக்கிட்டிருக்கிறார். போர்வை தலைமாடு வரை இழுத்து, ஓரம் செருகி, வழக்கம்போல மூடியிருந்தது. உள்ளே கையை விட்டேன். சூடு இருந்தது. ஜாக்கெற்றோடு அப்படியே அதற்குள் படுத்து, வெட்கமில்லாமல் விக்கி விக்கி அழுதேன்.

சில தடவை போனில் கதைத்தோம். தம்பியைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்பேன். "இல்லை" என்பார். பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. பேக்கரி நின்ற இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டிடம் எழும்பிவிட்டது, அந்தத் தெருவில் பாண் வாசம் இல்லை. மேல்வீட்டு அங்கிளின் வீட்டையும் இடித்துவிட்டார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அந்தப் படிக்கட்டு இருந்த இடத்தில் யாரோ கார் விட்டிருந்தார்கள்.

மகன் வீட்டில் எனக்குப் பெரிய கட்டில். மனைவி பேத்தியோடு அடுத்த அறையில் படுக்கிறாள். வாசலில் கமெரா, அலாரம், இரட்டைப் பூட்டு, எல்லாம் உண்டு. நித்திரைதான் இல்லை. பாண் வாட்டிய நாளுக்கு மறுநாள் விடிய நான் போர்வையை இழுத்து ஓரம் செருகிக்கொண்டிருக்க, மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"நெடுக உந்தப் போர்வையை ஆருக்கு மூடி வைக்கிறியள்? படுக்கிறது நீங்கள் ஒராள்."

"சும்மா, பழக்கம்" என்றேன்.

அவள் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள். நான் போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சூடு இன்னும் இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. ஆறும்வரை அப்படியே நின்றேன்.