மழைக்குப் புடிக்கிற டயரு

...அப்படியா சொன்னா அந்த மூலைவீட்டுக்காரி? "இந்த வயசுல கெழவிக்கு பைக்கு கேக்குது"ன்னா? சொல்லட்டும் மோளே. கேக்கத்தான் செஞ்சுச்சு. இப்படி உக்காரு, முழுசாக் கேட்டுட்டுப் போ.

எங்க வீட்டுக்காரரு அரிசி குடோன்ல சாக்கு பாத்து எடுக்குற வேலையில இருந்தாரில்ல? அத விட்டப்புறம் மனுஷருக்கு வீட்ல இருப்பே கொள்ளல. யாரோ ஓட்டிக் கழிச்ச பைக்க வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. பழசுதான், ஆனா தொடச்சு வச்சா மாதுளம்பழம் மாதிரி செவப்பு. மக காக்கநாட்டுல இருக்காளே, அங்க போகணும்னா வைட்டிலாவுல எறங்கி அடுத்த பஸ்ஸு ஏறணும், எம் முட்டிக்கு ஆகாதுன்னு ஊருக்குச் சொன்னேன். உள்ளுக்குள்ள ஆச வேற. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இவரு பின்னால நான் ஒரு வண்டியில ஒக்காந்ததில்ல. அந்தக் காலத்துச் சைக்கிள்லகூட அரிசி மூட்டைதான் ஒக்காந்துச்சு.

இவரு என்ன சொல்றாரு? "டயரு ரெண்டும் மொட்டையாக் கெடக்கு. மாத்தாம ஒன்ன ஏத்த மாட்டேன்."

"உங்க தலைய விடவா?"ன்னேன். சிரிக்கல. மழைக்காலம் வேற வருது, நம்ம தெரு ஈரத்துல எப்படி வழுக்கும்னு ஒனக்கே தெரியும். சரி, டயரு கடைக்கு இவரு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போக, நானும் வருவேன்னு கூடவே நடந்தேன். பின்னால ஒக்காரப் போறது நாந்தானே.

கடையில ஆளு ஒசரத்துக்கு அடுக்கி வச்சிருக்காங்க மோளே. பெருநாளைக்கு வாங்குற புதுச் செருப்பு வாசன இருக்கே, அதே வாசன. ஒரு டயருல வெரல ஓட்டிப் பாத்தேன், கோடு கோடா பள்ளம். "மழத்தண்ணி இந்த வழியாத்தான் ஓடிப் போகும் இத்தா"ன்னாரு கடைச் சேட்டன். அப்படியே நின்னுட்டேன். எவ்வளவு சின்ன வாய்க்காலு! அதுல எறும்பெல்லாம் வள்ளத்துல ஏறிப் போற மாதிரி எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு.

சேட்டன் இவரப் பாத்துச் சொன்னாரு, "ரெண்டு தரம் இருக்கு இக்கா. ஒண்ணு கெட்டி, ரொம்பக் காலம் ஓடும். இன்னொண்ணு கொஞ்சம் மெத்துன்னு இருக்கும். சீக்கிரம் தேயும், ஆனா மழையில ரோட்ட நல்லாப் புடிச்சுக்கும்."

"ரொம்பக் காலம் ஓடுறதக் குடு"ன்னாரு இவரு.

"ஏங்க, நம்ம காலத்துக்கு மேல அது ஓடி யார ஏத்தப் போகுது? புடிக்கிறத வாங்குங்க"ன்னேன். சேட்டன் சிரிச்சதுல இவரும் சிரிச்சுட்டாரு.

அதோட முடிஞ்சுதான்னா இல்ல. சேட்டன் மேலேர்ந்து டயர எடுக்கப் போனாரு, இவரு தடுத்துட்டாரு. "மேல உள்ளது வேணாம், அடியில உள்ளத எடு." குடோன் புத்தி! சாக்குல மேல நல்ல அரிசியப் போட்டு அடியில நொய்யப் போட்டுருவாங்க, அதான் கைய உள்ள விட்டு அடிய எடுத்துப் பாத்தே பழகுன மனுஷன். "இக்கா, மேல உள்ளதுதான் புதுச் சரக்கு"ன்னு சேட்டன் சொல்றாரு. "எல்லா யாவாரியும் அதத்தான் சொல்லுவான்"கிறாரு இவரு.

பாவம், அவரு வேர்க்க விறுவிறுக்க மொத்த அடுக்கையும் எறக்கி அடி டயர உருவிக் குடுத்தாரு. இவரு அதத் தடவுறாரு, ஏதோ புள்ள பொறந்த மாதிரி. அப்புறம் சேட்டன் அதோட பக்கத்துல இருந்த நம்பரக் காட்டி, "இது செஞ்ச வருசம் இக்கா, பாருங்க"ன்னாரு. கண்ணாடிய மாட்டிப் பாத்தாரு. மூஞ்சி விழுந்துருச்சு. எத்தனையோ மழைக்காலமா அங்கயே கெடந்திருக்கு. "அரிசி பழசானா ருசி இக்கா, ரப்பரு பழசானா வெறச்சுப் போகும்."

இவருக்கு ரோஷம். "இன்னொரு நாளு பாக்கலாம், வா"ன்னு எழுந்துட்டாரு.

விடுவேனா மோளே? இந்த மனுஷனுக்கு இன்னொரு நாளுன்னா அது வரவே வராது. நான் ஸ்டூல்லேர்ந்து அசையல. "நான் நடக்க மாட்டேன். அந்த மேல் டயரு ரெண்டையும் வண்டியில மாட்டட்டும், அதுல ஏறித்தான் வீட்டுக்கு வருவேன்."

வாசல் வரைக்கும் போன மனுஷன் திரும்பி வந்து, "அவ சொல்லிட்டா சேட்டா, மாட்டு."

புது டயருல வழவழப்பு இருக்கும், அது தேயிற வரைக்கும் மெல்லப் போகணும்னு சேட்டன் சொல்லி அனுப்பினாரு. இவரு அத எப்படிக் கேட்டாருங்கிற! ஒரு தள்ளுவண்டி எங்களத் தாண்டிப் போகுது. ஒரு பூன குறுக்க நடந்து, நடுவுல நின்னு எங்களப் பாத்துட்டுப் போகுது. தூத்தல் வேற. மசாலா குடோனுங்க பக்கம் வந்ததும் சுக்கு வாசன, கொஞ்ச தூரத்துல மொளகு வாசன. ஈர ரோட்டுல டயரு மெல்லமாப் பேசிக்கிட்டே வருது. முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு, இவரு தோளப் புடிச்சுக்கிட்டு, கண்ண மூடிட்டேன். நெலத்துல போறமா தண்ணியில போறமான்னு தெரியல.

கண்ணத் தொறந்தா நம்ம தெரு திரும்புற எடம் தாண்டிப் போகுது.

"வீடு போயிருச்சுங்க"ன்னேன்.

"தெரியும்"ன்னாரு. திரும்பக்கூட இல்ல.

அப்படியே பாலத்துல ஏறுனோம் பாரு, கீழ காயலு முழுக்க மழைப் புள்ளி... அல்லாவே, பைப்புல வெள்ளம் வந்துருச்சு, தண்ணி விழுற சத்தம் கேக்குதா? ஒரு கொடம்கூட வைக்கல நானு, எந்திரி எந்திரி, அந்தப் பக்கெட்ட எடு!